கொசு மீனின் பேரப்பிள்ளைகள்

கீழ்மாந்தோப்பு, ஆம்பூர் வழி
9 ஜூன் 2024

தம்பி பூவரசனுக்கு அக்கா கமலம் எழுதுவது.

இங்கே நான் இருக்கிறேன், ஆடுகள் இருக்கின்றன, மழை மட்டும் இல்லை. அங்கே கூடலூர்க் குளிரில் நீயும் சௌமியாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

கடிதத்தைப் பார்த்து மயக்கம் வந்திருந்தால் முதலில் உட்கார். உன் மாமாவின் காரியத்தன்று, "இந்தத் தண்ணியைக் குடிச்சிட்டு இங்கியே கெடந்தா அடுத்தது நீதான்" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னாயே, அந்த வாயோடு இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தேன். நாலு வருஷமாகிறது. சத்தியம் சத்தியம்தான். ஆனால் பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. போனில் பேசினாலும் பேச்சுதான். அதனால் போன் செய்யாதே, எடுக்கமாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மாமா போன பிறகு நான் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி ஊருக்குக் குடிதண்ணீர் லாரி வாங்கியது உனக்குத் தெரியும். தோல் பதனிடும் டேனரித் தண்ணீர் இறங்கிக் கெட்டுப்போன கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று ஊரே நிம்மதியாக இருந்தது. போன மாதம் ஒரு ஆபீசர் வந்தார். லாரி இன்னும் தேவையா என்று பார்க்க வந்தாராம். வெயிலில் வந்த மனுஷன், மோர் கொடுத்தேன். அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கிணற்றில் இருக்கும் கொசு மீனைக் காட்டி, "பாருங்க சார், எவ்ளோ மீனு" என்று பெருமையடித்தேன். கொசுவை ஒழிக்கச் சுகாதாரத்துறையில் கொடுத்த மீன்தான். மாமா ஒரே குடத்தில் வாங்கிவந்து, பாதியை நம் கிணற்றிலும் பாதியைக் கணியம்பாடியில் அவர் தங்கை ரங்கம்மாள் வீட்டுக் கிணற்றிலும் விட்டாரே, அதே மீன்.

அந்த ஆபீசர் எட்டிப் பார்த்தார். போட்டோ எடுத்தார். "மீனு இவ்ளோ ஜோரா இருக்குது, தண்ணியில இன்னாம்மா கெடுதி?" என்றார். இந்த மாதத்திலிருந்து லாரி இல்லை.

நீ பிள்ளைகளுக்கு விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறவன். மீன் உயிரோடு இருந்தால் தண்ணீர் நல்லது என்று அர்த்தமா? ஆமாம், இல்லை என்று ஒரு வரி எழுது. லாரி என்னால் வந்தது, என்னாலேயே போனது. திரும்ப வராமல் நான் விடப்போவதில்லை.

கமலம்


கூடலூர்
17 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். மயக்கம் வரவில்லை, ஆனால் சௌமியா கடிதத்தை இரண்டு முறை வாங்கிப் படித்தாள். உன் உடம்பு எப்படி? என்னோடு படித்த ஆபித் பாஷா ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்தானாம், உன் கால் வீங்கியிருப்பதாகச் சொன்னான். எதற்கு என்று டாக்டரிடம் காட்டினாயா? இதற்குப் பதில் எழுது.

நீ கேட்ட ஒரு வரி: இல்லை. அர்த்தம் இல்லை.

உன் ஆபீசர் பார்த்தது உன் கிணற்றில் பிழைத்த மீன்களின் வாரிசுகளை. வேறு மீனைக் கொண்டுவந்து விட்டால் தெரியும். ரங்கம்மாள் கிணறு நல்ல தண்ணீர்தானே? அங்கிருந்து கொஞ்சம் மீன் எடுத்துவந்து, உன் கிணற்றுத் தண்ணீரை வாளியில் மொண்டு அதில் விட்டுப் பார். இரண்டும் ஒரே குடத்து மீன். மாமா செய்த காரியத்தில் இதைவிட உருப்படியானது இல்லை.

காரியத்தன்று சொன்ன வார்த்தையை இன்றும் நான் திரும்ப வாங்கவில்லை. அதை வைத்துச் சண்டை போட வேண்டுமானால் போடு, தபால் செலவு உன்னுடையது.

பூவரசன்


கீழ்மாந்தோப்பு
2 ஜூலை 2024

தம்பிக்கு,

உன் கடிதம் வந்த நாளிலேயே கணியம்பாடிக்குப் பஸ் ஏறிவிட்டேன். ரங்கம்மாள் சுகமாக இருக்கிறாள். அவள் மாடும் சுகம். உங்களை அவள் விசாரித்ததாகச் சௌமியாவிடமும் சொல்.

தூக்கில் மீன் கொண்டுவந்தேன். பக்கத்து வீட்டு சுகரா பேகத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டுக்கொண்டு, நம் கிணற்றுத் தண்ணீர் வாளியில் விட்டேன். உலை வைத்துவிட்டு வந்து பார்த்தால் எல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறந்துகொண்டிருந்தது. சோறு வடித்துவிட்டு வந்தபோது ஒன்றுகூட உயிரோடு இல்லை. "யா அல்லா, இதையா நாம்ப இவ்ளோ நாளு குடிச்சோம்" என்று சுகரா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

செத்த மீனைப் பொட்டலம் கட்டிக்கொண்டு ஆபீசரைப் பார்க்கப் போனேன். நாற்றத்தில் பியூன் உள்ளே விடவில்லை, வாசலிலேயே நின்று அவர் வெளியே வரும்போது பிடித்தேன். அவர் சிரிக்கிறார். "அது புதுத் தண்ணிம்மா, ஒத்துக்கல. உங்க மீனுக்குப் பழகிடுச்சு. இதையும் கொஞ்சம் கொஞ்சமா விட்டிருந்தா பழகியிருக்கும்" என்றார்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மாமாவும் அப்படித்தான் சொல்வார். மீன் விட்ட புதிதில் தினமும் காலையில் செத்ததை வலையால் அரித்து வெளியே போடுவார். கொஞ்ச நாளில் சாவது நின்றது. "பழகிடுச்சுடி" என்றார். அது பழக்கம் இல்லையென்றால் வேறு என்ன? எனக்குப் புரியும்படி எழுது. பத்தாவது வரை படித்தவள்தான், ஒன்றும் தெரியாதவள் இல்லை.

கமலம்


கூடலூர்
10 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே விடாத மழை, சௌமியாவுக்கு இருமல், எனக்கு ஒன்றும் இல்லை. கால் வீக்கத்தைப் பற்றி நீ ஒரு எழுத்துகூட எழுதவில்லை என்பதைக் கவனித்தேன்.

"பழகிடுச்சு" என்ற வார்த்தையை உன் வீட்டில் இனி யாரும் சொல்லக் கூடாது. மாமா அரித்துப் போட்டாரே செத்த மீன், பாடம் முழுக்க அதில்தான் இருக்கிறது. அவர் விட்ட மீன்கள் பார்க்க ஒரே மாதிரி இருந்திருக்கும், ஆனால் உள்ளே ஒரே மாதிரி இல்லை. ஒரு தாய் வயிற்றில் பிறந்த நீயும் நானும் ஒரே மாதிரியா? அதில் ஏதோ ஒன்றிரண்டுக்குப் பிறக்கும்போதே உடம்பு கொஞ்சம் வேறு வாகாக இருந்திருக்கிறது. விஷம் அதற்கு அவ்வளவாக உறைக்கவில்லை. மற்றதெல்லாம் செத்தது. அந்த ஒன்றிரண்டு குட்டி போட்டது. குட்டிகளிலும் தாங்கமுடியாதது செத்தது, தாங்கியது குட்டி போட்டது. இந்த மீனுக்கு ஒரு வருஷத்தில் மூன்று தலைமுறை, நாலு தலைமுறை ஆகிவிடும். மாமா விட்டுப் பன்னிரண்டு வருஷம் இருக்குமா? கூட்டிப் பார். எந்த மீனும் மாறவில்லை அக்கா. கூட்டம்தான் மாறியது. தாங்காததெல்லாம் போய்ப் போய், தாங்குவது மட்டும் மிஞ்சியது.

உலகத்தில் இருக்கிற அத்தனை உயிரும் இப்படித்தான் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரிந்து வந்திருக்கிறது. அவ்வளவு பெரிய கதையில் ஒரு துளி உன் கிணற்றில் நடந்திருக்கிறது. நான் இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதுகிறேன், கண்ணால் பார்த்ததில்லை.

ஆபீசர் வாயை மூட ஒரு வழி இருக்கிறது. ரங்கம்மாள் மாட்டுக்கொட்டகையில் இரண்டு தொட்டி வை. இரண்டிலும் அவள் கிணற்று நல்ல தண்ணீர். ஒன்றில் நம் கிணற்றுச் சினை மீன்களை விடு, வயிற்றருகே கறுப்பாகத் தெரியும். குட்டி போட்டதும் தாய்களை எடுத்துவிடு. குட்டிகள் வளர்ந்து அதுகளும் குட்டி போடட்டும். அந்தப் பேரப்பிள்ளைகள் கெட்ட தண்ணீரைக் கண்ணால் பார்த்திருக்காது. அடுத்த தொட்டியில் ரங்கம்மாள் மீனை இதேபோல் வளர்க்க வேண்டும். பிறகு இரண்டு தொட்டியிலும் நம் கிணற்றுத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக, ஒரே அளவில், நாள்கணக்கில் சேர்ப்போம். பழக்கம்தான் காரணம் என்றால் இரண்டும் பழக வேண்டும். அப்படி நடக்காது. ஆறு மாதம் பிடிக்கும். முடியுமா?

பூவரசன்


கீழ்மாந்தோப்பு
25 ஆகஸ்ட் 2024

தம்பிக்கு,

முடியுமா என்று என்னைக் கேட்கிறாயே. தொட்டி வைத்து மாதம் ஒன்று தாண்டிவிட்டது. சௌமியா இருமலுக்கு மிளகு தட்டிப் போட்ட கஷாயம் வைத்துக் கொடு. இங்கே மழை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

குட்டிகள் பிறந்துவிட்டன. கண் மட்டும்தான் தெரிகிறது. ரங்கம்மாளுக்கு முதலில் எரிச்சல். "எம்மாட்டக் கட்ட எடமில்ல, உம்மீனுக்கு ரெண்டு பங்களாவா?" என்று கேட்டாள். இப்போது அவளே தவிடு போடுகிறாள், நம் தொட்டி மீனுக்குச் சம்பந்தி வீட்டு மீன் என்று பேர் வைத்திருக்கிறாள்.

நான் வாரம் தவறாமல் போகிறேன். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போகிற மாதிரிதான் இருக்கிறது. வெறுங்கையோடு போவதில்லை, நம் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுபோய் அதுகளுக்கு ஒரு கரண்டி ஊற்றிவிட்டு வருகிறேன். ஊர் மாறினால் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, கூடலூர் போன புதிதில் உனக்கே மூக்கு ஒழுகியதே. பிறந்த ஊர்த் தண்ணீர் ஒரு வாய் உள்ளே போனால் உடம்பு தேறும். எல்லாம் துள்ளிக்கொண்டு இருக்கிறது.

ஊரில் எல்லோரும் உன்னை விசாரித்தார்கள்.

கமலம்


கூடலூர்
31 ஆகஸ்ட் 2024

அக்கா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

கரண்டி ஊற்றினாயா? வாரா வாரம் ஊற்றினாயா? கெட்ட தண்ணீரையே பார்க்காத மீன் வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதினேனே, எதற்கு? ஆபீசர் நாளைக்குக் கேட்பார்: "அம்மா, இதுக்கு நீங்க சின்ன வயசுலருந்தே பழக்கிட்டீங்களே." என்ன பதில் சொல்வாய்? ஒன்றரை மாதம் போச்சு. மீனுக்குப் பிறந்த வீட்டுப் பாசமாம்! சௌமியா இதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள், எனக்கு ரத்தக்கொதிப்பு வந்துவிடும்போல் இருக்கிறது.

தொட்டியைக் கழுவு. எல்லா மீனையும் மாற்று. முதலிலிருந்து ஆரம்பி. பாட்டிலைத் தூக்கி எறி.

பூவரசன்


கீழ்மாந்தோப்பு
14 செப்டம்பர் 2024

தம்பிக்கு,

ரத்தக்கொதிப்பு இறங்கியதா? உப்பைக் குறை.

பாட்டிலை எறிந்துவிட்டேன். தொட்டி இரண்டையும் சுண்ணாம்பு போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, புதிதாகச் சினை மீன் விட்டாயிற்று. தப்பு என்னுடையது, அதற்காக அழுதுகொண்டு உட்கார எனக்கு நேரம் இல்லை. இனி நான் தொட்டிக்கு ஒரு முழம் தள்ளி நின்றுதான் பார்க்கிறேன். ரங்கம்மாளிடம் சொல்லி வைத்திருக்கிறேன், நான் கரண்டியைத் தொட்டால் கையில் போடு என்று.

நீ எழுதியதை இப்போதுதான் நிதானமாகத் திரும்பப் படித்தேன். ஒன்று மனசை அறுக்கிறது. மாமா அன்றைக்கு வலையால் அரித்துப் போட்டதை நான்தான் எருக்குழியில் கொட்டினேன். எத்தனை நாள் என்று நினைவில்லை. பிறகு பன்னிரண்டு வருஷமாகக் கிணற்றை எட்டிப் பார்த்து, துள்ளுகிறதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேனே தவிர, செத்ததை ஒருநாளும் நினைக்கவில்லை. உயிரோடு இருப்பதுதான் கண்ணில் படுகிறது. நினைத்தால் அழுகை வருகிறது, மீனுக்குப் போய் அழுகிறாளே என்று நீ சிரித்தாலும் சரி.

ஒரு கேள்வி. இவ்வளவு மாறிவிட்டதே, இது இன்னும் அதே மீன்தானா? இல்லை வேறு மீனா?

கமலம்


கூடலூர்
20 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சிரிக்கவில்லை. இங்கே நாங்கள் சௌகரியம். உன் காலைப் பற்றி இந்தத் தடவையும் உப்பைக் குறை என்று எனக்கு வைத்தியம் சொல்லி மழுப்பிவிட்டாய். வேலூருக்குப் போய்ச் சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனை செய். மாமாவுக்கும் காலில்தான் ஆரம்பித்தது.

உன் கேள்வியை வகுப்பில் பிள்ளைகளிடம் சொன்னேன், யாரும் இதுவரை இவ்வளவு சரியாகக் கேட்டதில்லை. அதே மீன்தான், இன்றைக்கு. ரங்கம்மாள் மீனோடு சேர்த்து விட்டால் குட்டி போடும். ஆனால் இரண்டு கிணற்றையும் இப்படியே யாரும் தொடாமல் விட்டால், ஆயிரமாயிரம் தலைமுறை போனால், சேர்த்து விட்டாலும் குட்டி போடாத ஒரு நாள் வரலாம். அன்றைக்கு அது வேறு மீன். எந்த நாளில் அப்படி ஆனது என்று யாராலும் விரல் வைத்துக் காட்டமுடியாது. எந்தத் தாயும் தன் குட்டியைப் பார்த்து, இது வேறு ஜாதி என்று சொல்லியிருக்காது. அவ்வளவு மெதுவாக நடக்கும்.

ஆபீசருக்குப் பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன், பொங்கலுக்குப் பிறகு வந்து நேரில் பார்க்கும்படி. பொங்கல் விடுமுறைக்கு நானே வருகிறேன். தொட்டி எப்படி இருக்கிறது?

பூவரசன்


கூடலூர்
24 நவம்பர் 2024

அக்கா,

பதில் இல்லை. ரங்கம்மாளுக்குப் போன் செய்தால், "நல்லாத்தான் இருக்கா, நீயே எழுதிக் கேளு" என்கிறார். நீதான் அப்படிச் சொல்லச் சொல்லியிருப்பாய். சௌமியாவும் கவலைப்படுகிறாள். ஒரு வரி போதும்.

பூவரசன்


கீழ்மாந்தோப்பு
8 டிசம்பர் 2024

தம்பிக்கு,

கடிதம் எழுதத் தாமதமானது. உங்கள் இருவரையும் சாமி காப்பாற்றட்டும்.

கால் வீங்கித்தான் இருக்கிறது. லாரி நின்றதிலிருந்து கேன் தண்ணீர் வாங்க முடிந்தவர்கள் வாங்குகிறார்கள். முடியாத வீடுகளில் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். நான் கொண்டுவந்து விட்ட வினை, நான் மட்டும் கேன் வாங்கிக் குடித்தால் தொண்டையில் இறங்காது. அதனால் நானும் கிணற்றுத் தண்ணீர்தான். இதைப் படித்ததும் குதிக்காதே. குதித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. அவசரம் என்று நான் ஏன் அடித்துக்கொள்கிறேன் என்று இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

பேரப்பிள்ளைகள் பிறந்துவிட்டன, இரண்டு தொட்டியிலும். நான் ஒரு சொட்டும் ஊற்றவில்லை, ரங்கம்மாள் சாட்சி.

வா. வந்தால் பேசுவேன் என்று மட்டும் நினைக்காதே.

கமலம்


கூடலூர்
26 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று ராத்திரி வந்து சேர்ந்தேன். சௌமியாவுக்கு நீ கொடுத்த வேர்க்கடலையைப் பாதி பஸ்ஸிலேயே தின்றுவிட்டேன்.

உன் வீட்டில் அத்தனை நாள் இருந்தும் நீ என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. "சுகரா, அவன்கிட்ட சொல்லு, சோறு ஆறுது." "சுகரா, அவனுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் வேணுமான்னு கேளு." பாவம் அந்தம்மா, மூன்றாம் நாளே, "நான் இன்னா ஊட்டு ரேடியோவா?" என்று கேட்டுவிட்டார். நீ சிரிப்பை அடக்கியதைப் பார்த்தேன்.

நீ எழுதாமல் விட்டதையும் பார்த்தேன். ஊரில் எல்லோரும் விசாரித்தார்கள் என்று எழுதினாயே. மளிகைக்கடை முனவ்வர் பேகம் நீ கேட்ட பருப்பை உன் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டதை நான் பார்த்தேன். கிணற்றடிக்கு நீ போனதும் பேச்சு நின்றது. லாரி நின்றதிலிருந்து எட்டு மாதமாக இந்த ஊரில் சுகராம்மா ஒருவர்தான் உன்னோடு பேசுகிறார். அதைச் சொல்லாமல், ரங்கம்மாள் மாட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாய்.

கிணற்றடியில் நடந்ததை நான் வாழ்நாளுக்கும் மறக்கமாட்டேன். கணியம்பாடியிலிருந்து கொண்டுவந்த இரண்டு தொட்டி மீனும் அருகருகே, ஒரே தவிடு, ஒரே நிழல். தினம் ஒரே அளவு கெட்ட தண்ணீர். நாள் போகப் போக ரங்கம்மாள் மீன் மேலே வந்து சுவாசத்துக்குத் தவித்தது, நம்முடையது அடியில் ஒன்றை ஒன்று துரத்தி விளையாடியது. கடைசி நாள் ஆபீசர் வந்து, எங்கள் கையை நம்பாமல் தானே கரண்டியைப் பிடித்து ஊற்றினார். சாயங்காலம் ஒரு தொட்டியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ரங்கம்மாள் அழுதார். ஆபீசர் வெகுநேரம் குனிந்து நின்றார். "ரெண்டும் நல்ல தண்ணியிலயே பொறந்ததா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, "நான் உள்ளத உள்ளபடி மேல எழுதி அனுப்புறேன் சார். முடிவு பெரியவர் கையிலதான்" என்றார். அவரைத் திட்டியே பழகிவிட்டோம், ஆனால் சொன்னபடி எழுதியிருக்கிறார், கிளம்புமுன் அவர் ஆபீசில் நகல் வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரியில் விசாரணை. எனக்குச் செய்முறைத் தேர்வு வேலை, லீவு கிடைக்காது. நீ தனியாகத்தான் போக வேண்டும். பயப்படாதே என்று உனக்கு எழுதினால் எனக்கே சிரிப்பு வரும். ஆனால் விசாரணைக்கு முன்னால் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போ. ரங்கம்மாளிடம் சொல்லிவிட்டேன், இழுத்துக்கொண்டாவது போவார்.

பூவரசன்


கீழ்மாந்தோப்பு
2 மார்ச் 2025

தம்பி பூவரசனுக்கு,

நீயும் சௌமியாவும் சுகம்தானே. லாரி வருகிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசி வரிக்குத் தாவிவிடுவாய். குழாய் போடுகிற வரைக்கும் லாரி நிற்காது என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். கிணற்றை மூடச் சொல்லிவிட்டார்கள். மூடட்டும். கொஞ்சம் மீனை மட்டும் ரங்கம்மாள் தொட்டிக்குக் கொண்டுபோகிறேன். நல்ல தண்ணீரிலேயே தலைமுறை தலைமுறையாக இருந்தால் அந்தத் தாங்கும் சக்தி போனாலும் போகும் என்று அன்றைக்குச் சுகராவிடம் சொன்னாயே, காதில் விழுந்தது. போகட்டும். அந்தச் சக்தி இல்லாமலே அதுகள் பிழைக்கட்டும்.

வேலூரில் பார்த்துவிட்டார்கள். சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறதாம். மருந்தும் நல்ல தண்ணீரும் இருந்தால் ஓட்டலாம் என்கிறார்கள். காரியத்தன்று நீ சொன்னது பாதி பலித்தது, மீதியைப் பலிக்க விடமாட்டேன்.

இப்போது விசாரணை. வேன் பேசி ஊரிலிருந்து ஒரு கும்பலாகப் போனோம். லாரி வந்தால் நல்லது என்றுதான் வந்தார்கள், என்னோடு யாரும் பேசவில்லை. சுகரா மட்டும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெரிய ஆபீசர் நம் ஆபீசர் எழுதியதைப் படித்தார். நல்ல மனுஷர்தான், படித்தவர், மீன் விஷயம் அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்கம்மா" என்றுகூடச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஆனா மீன் வேற, மனுஷன் வேற. நீங்கள்லாம் எத்தனையோ வருஷமா அந்தத் தண்ணியைக் குடிச்சிருக்கீங்க. எல்லாரும் வேன் ஏறி வந்து முன்னால உக்காந்திருக்கீங்க. உங்களுக்கு ஒடம்பு பழகிடுச்சு, இல்லியா?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் பின்னால் யாரோ ஒரு கிளார்க் சிரித்தான்.

எழுந்தேன். கால் வலி தெரியவில்லை.

"எங்க யாருக்கும் பழகல சார்" என்றேன். "தாங்க முடியாதவங்க செத்துட்டாங்க. நீங்க முன்னால பாக்கறது மிஞ்சினவங்களை. கெணத்துக்குள்ள எட்டிப் பாத்து, மீனு ஜோரா இருக்குதுன்னு சொன்ன மாதிரிதான் நீங்களும் சொல்றீங்க."

அவர் மெதுவாக, "யாரும்மா செத்தாங்க?" என்று கேட்டார்.

"எங்க ஊட்டுக்காரர். பஞ்சாட்சரம்" என்றேன். அவர் போனதிலிருந்து அந்தப் பேரை நான் சத்தமாகச் சொன்னதில்லை. முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் ஒருத்தி சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது.

சுகரா எழுந்தாள். "எம் மருமவ வஜீதா" என்றாள். "கிட்னி. முப்பது வயசு."

அப்புறம் எனக்குப் பின்னால் நாற்காலி தள்ளுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மளிகைக்கடை முனவ்வர் பேகம். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். "எம் பையன் ஷபீ அஹமது" என்றாள். "கமலம் அக்கா சொல்றது நெஜம் சார். எழுதிக்கோங்க."

அதற்குப் பிறகு யார் எழுந்தார்கள், யார் உட்கார்ந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொருத்தராக எழுந்து பேர் சொன்னார்கள். புருஷன் பேர், தாய் பேர், பிறந்து பேர் வைக்காமலே போன குழந்தைக்கு, "பேர் வெக்கல சார், கொழந்தைன்னு எழுதுங்க" என்று ஒருத்தி சொன்னாள். சிரித்த கிளார்க்தான் எழுதினான். எழுதிக்கொண்டே வந்தவன் நிமிர்ந்து, இன்னொரு தாள் கேட்டான்.

உன் அக்கா,
கமலம்